உரங்களின் எச்ச விளைவு

உரங்களின் எச்ச விளைவு என்பது ஒரு பயிருக்கு இட்ட எருவும் செயற்கை உரமும் அப்பயிரின் அறுவடைக்குப் பின்னரும் மண்ணில் எஞ்சி, அடுத்து வரும் பயிர்களின் விளைச்சலைக் கூட்டுவதாகும். பயிர்ச்சுழற்சியில் எப்பயிருக்கு எவ்வளவு உரம் தேவை என்பது இதனையும் பொறுத்தது.

சத்துக்களின் தன்மை

எல்லாச் சத்துக்களும் ஒரே அளவில் எஞ்சுவதில்லை. செயற்கை உரமாக இடப்படும் தழைச்சத்தில் (நைட்ரசன்) பயிர் எடுத்துக்கொள்ளாத பகுதி, நைட்ரேட்டாக மாறி மழைநீருடன் கீழிறங்கிவிடும். ஒரு பகுதி வளிமமாக வெளியேறும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அவ்வாறன்று. அது மண் துகள்களுடன் பிணைந்து, பல ஆண்டுகளுக்குச் சிறிது சிறிதாக வெளிப்படும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) களிமண்ணில் தங்கும், மணற்பாங்கான நிலத்தில் கரைந்து போகும். தொழு உரத்திலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி கரிமப் பொருளில் கட்டுண்டிருப்பதால், நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கச் சிதைக்கவே பயிருக்குக் கிடைக்கின்றது.

ரோத்தம்ஸ்டெட் ஆய்வுகள்

இவ்விளைவைப் பற்றிய மிக நீண்ட சான்றுகள் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் கிடைத்தன. 1843 இல் ஜான் பென்னெட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் ஆகியோர் இங்கு ஆய்வுகளைத் தொடங்கினர். 1848 முதல் 1951 வரை அக்டெல் வயலில் டர்னிப் கிழங்கு, பார்லி, தீவனப் பயறான குளோவர் (அல்லது தரிசு), கோதுமை என்ற நான்காண்டுச் சுழற்சி நடைபெற்றது. உரம் கிழங்குப் பயிருக்கு மட்டுமே இடப்பட்டது; மற்றவை எச்சத்தில் விளைந்தன.

ஆண்டுதோறும் பார்லி மட்டும் விதைக்கப்படும் ஹூஸ்ஃபீல்டு வயலின் ஒரு பகுதிக்கு, 1852 முதல் 1871 வரை ஆண்டுக்கு எக்டேருக்குச் சுமார் 35 டன் தொழு உரம் இடப்பட்டுப் பின்னர் நிறுத்தப்பட்டது. நூறாண்டு கடந்த பின்னும், ஒருபோதும் எரு இடாத பகுதியை விட அங்கு மண்ணின் கரிமப் பொருளும் விளைச்சலும் மிகுதியாகவே இருந்தன. உரமிடல் 1901 உடன் நிறுத்தப்பட்ட மற்றொரு வயலில், எஞ்சிய மணிச்சத்தின் பயன் நெடுங்காலம் வெளித்தெரியவில்லை. 1940களில் தழைச்சத்து இடத் தொடங்கிய பிறகே அது விளைச்சலில் புலப்பட்டது. ஒரு சத்து குறைந்தால் மற்றொன்றின் எச்சம் பயன்படாது கிடக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

குத்தகையாளர் இழப்பீடு

நிலத்தை விட்டு வெளியேறும் குத்தகையாளர் இட்ட உரத்தின் பயனை அடுத்து வருபவரே அனுபவிப்பார். ஆகவே குத்தகை முடியும் தறுவாயில் எரு இடுவதற்கு எவரும் முன்வருவதில்லை. இதனைச் சரிசெய்ய, இங்கிலாந்தில் 1875 ஆம் ஆண்டின் வேளாண் குத்தகைச் சட்டம் எஞ்சிய உரத்திற்கு இழப்பீடு வழங்க வகைசெய்தது. ஆயினும் ஒப்பந்தத்தின் மூலம் அதனை விலக்கிவிட முடிந்தது. 1883 ஆம் ஆண்டுச் சட்டமே அதனைக் கட்டாயமாக்கியது. இழப்பீட்டைக் கணிக்க லாசும் கில்பர்ட்டும் அட்டவணைகள் வகுத்தனர். கால்நடைகளுக்கு வாங்கி ஊட்டிய பிண்ணாக்கின் உரமதிப்பும் அவற்றில் இடம்பெற்றது. இத்தகைய மதிப்பீடுகளைச் சோதிக்க 1876 இல் வோபர்ன் என்னுமிடத்தில் சுழற்சி ஆய்வுகள் தொடங்கப்பட்டன. சத்து மிகுந்த பிண்ணாக்கு தின்ற மாடுகளின் எருவுக்கும் தானியம் தின்றவற்றின் எருவுக்கும் இடையே, எதிர்பார்த்த அளவு வேறுபாடு அங்கு விளைச்சலில் தென்படவில்லை.