திருப்பலியும் வேலைநிறுத்தமும்

1980 ஆகஸ்ட் 14. போலந்தின் க்டான்ஸ்க் துறைமுக நகரில், லெனின் பெயர் தாங்கிய கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த கிரேன் ஓட்டுநர் ஆன்னா வாலென்டினோவிச்சை நிர்வாகம் நீக்கியதுதான் உடனடிக் காரணம். தொழிலாளர்கள் வாயிற்கதவில் பூக்களைச் செருகி, போப் இரண்டாம் ஜான் பாலின் படத்தை மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கேயே திருப்பலி நடந்தது. அவர்களுடைய 21 கோரிக்கைகளில் முதலாவது, சுதந்திரமான தொழிற்சங்கம். எல்லா மதத்தினருக்கும் ஊடகங்களில் இடம் வேண்டும் என்பது மூன்றாவதிலேயே வந்துவிட்டது. 31-ஆம் தேதி ஒப்பந்தத்தில் வேலைநிறுத்தத் தலைவர் லெக் வலேசா கையெழுத்திட்ட பெரிய பேனாவிலும் போப்பின் படம்.

செங்கொடி ஏந்திய தொழிலாளர்களையே பார்த்துப் பழகிய நமக்கு இவர்கள் புதிராகத் தெரியலாம். ஆனால் அங்கே செங்கொடி முதலாளியின் கையில் இருந்தது. ஆட்சியும் ஆலையும் கம்யூனிஸ்ட் கட்சியுடையவை; கட்சிக்கு அடங்காமல் மிஞ்சியிருந்த ஒரே பெரிய அமைப்பு கத்தோலிக்கத் திருச்சபை. அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்த சங்கத்துக்காகக் குரல்கொடுத்த பாதிரியார் போப்பியவுஷ்கோவை 1984-ல் ரகசியப் போலீசார் கொன்றார்கள். அதன்பின் தொழிலாளருக்கும் திருச்சபைக்கும் இடையிலான பிணைப்பை யாராலும் பிரிக்க முடியவில்லை.

ஸ்பெயினிலும் அதே மதம்தான். அங்கே 1937-ல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஆயர்கள் கூட்டாகக் கடிதம் எழுதி பிராங்கோவின் பக்கம் நின்றார்கள். வென்ற சர்வாதிகாரி, கடவுளின் அருளால் தலைவரானவன் என்று நாணயத்திலேயே பொறித்துக்கொண்டார். பிற்காலத்தில் ஆயர்கள் பலர் அவரைவிட்டு விலகினாலும், சுதந்திரம் கேட்டவர்களின் மனதில் அந்தக் கடிதம் ஆறவில்லை. ஜனநாயகம் வந்தபின் 1981-ல் விவாகரத்தும் 2005-ல் தன்பாலினத் திருமணமும் சட்டமாயின.

பக்தி மிகுந்தவர் வலதுசாரியாகத்தான் இருப்பார் என்று எழுதுவோரை என்னால் ஏற்க முடிவதில்லை. அடிபட்ட நாளில் தன் பக்கத்தில் நின்றது யார் என்பதை வைத்துத்தான் ஒரு சமூகம் தன் நம்பிக்கைக்குக் கட்சி தேடுகிறது.

ஸ்பெயினில் தன்பாலினத் திருமணம் சட்டமான அதே 2005-ல் போலந்து அதிபராகத் தேர்ந்தெடுத்தது லெக் காச்சின்ஸ்கியை. க்டான்ஸ்க் வேலைநிறுத்தக்காரர்களுக்கு ஆலோசகராக இருந்தவர் அவர். அவரும் சகோதரரும் தொடங்கிய 'சட்டமும் நீதியும்' கட்சி, 2016-ல் குழந்தைகளுக்கு மாதம் 500 ஸ்வாட்டி உதவித்தொகை கொண்டுவந்தது. கருக்கலைப்பையும் கடுமையாக எதிர்த்தது. ஏழைக்கு உதவியும் தேவாலயப் பற்றும் அந்த மண்ணில் ஒரே கையில் இருப்பது இயல்பு.

அந்த இயல்பும் இப்போது மாறுகிறது. 2020 அக்டோபரில் அரசியல் சாசனத் தீர்ப்பாயம் கருக்கலைப்பு உரிமையை மேலும் சுருக்கியபோது, பெண்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கினார்கள். சிலர் திருப்பலியையே இடைமறித்தார்கள். அந்தக் கூட்டத்தில் இளைஞர்களே ஏராளம். கம்யூனிச ஆட்சியைப் பார்த்திராத அவர்களுக்குத் திருச்சபை அடைக்கலமாகத் தெரியவில்லை, ஆட்சியாளர்களின் கூட்டாளியாகவே தெரிந்தது.