டைரக்டரித் தாளில் விழுந்த கறுப்பு

1950 அக்டோபரில் நியூயார்க்கின் ஈகன் கேலரியில் ஓவியர் ஃபிரான்ஸ் கிளைன் முதல் தனிக்கண்காட்சி வைத்தபோது, அந்தக் கறுப்பு வெள்ளை கான்வாஸ்களை ஒரே மூச்சில் வீசிய வீச்சு என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். அவர் சார்ந்த அரூப வெளிப்பாட்டுவாதம் என்றாலே உணர்ச்சி பொங்கி வழிவது என்ற எண்ணம் அங்கிருந்து இன்றுவரை தொடர்கிறது. அது பாதி உண்மைதான். மீதிப் பாதி கிளைனின் பழைய டெலிபோன் டைரக்டரித் தாள்களில் இருக்கிறது. பொடி எழுத்தில் பெயரும் எண்ணும் பத்தி பத்தியாக ஓடும் அந்த மலிவுத் தாளில், அச்சை மறைத்தபடி தூரிகை குறுக்கே பாய்கிறது. மை குடித்த இடத்தில் தாள் சுருங்கியிருக்கிறது. தூரிகை வறண்ட இடத்தில் மயிர்க்கோடுகள் பிரிந்து, கீழிருக்கும் எண்கள் எட்டிப் பார்க்கின்றன. கெட்டுப்போனால் கிழித்துப் போடலாம் என்பதால் கைக்குத் தயக்கமே இல்லை. இப்படி வரைந்து குவித்ததிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் பல பெரிய ஓவியங்களை அவர் தொடங்கினார். 1940களின் இறுதியில் நண்பரும் ஓவியருமான டி கூனிங்கின் ஸ்டுடியோவில் ஒரு சிறு படத்தை புரொஜக்டரில் பெரிதாக்கிப் பார்த்ததே திருப்பம் என்று டி கூனிங்கின் மனைவி எலைன் டி கூனிங் பின்னாளில் எழுதினார். அந்த ஒரு நிகழ்வுக்கு அவ்வளவு பெருமையும் கொடுக்க வேண்டியதில்லை. தாள்களே போதிய சாட்சி.

அப்படியானால் கான்வாஸில் தெரியும் வேகம் நடிப்புதானே என்று கேட்கலாம். இல்லை. சிறிய தாளில் மணிக்கட்டு செய்ததை ஒன்றரை மீட்டர் உயரமுள்ள 'சீஃப்' ஓவியத்தில், சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் அகலத் தூரிகையோடு முழுக்கையும் தோளும் செய்ய வேண்டும். கோட்டின் அமைப்பைப் பெரிதாக்கலாம், அதன் விசையைப் பெரிதாக்க முடியாது. அதைப் புதிதாகத்தான் கண்டடைய வேண்டும். அதே இயக்கத்து ஓவியர் பொல்லாக்கும் 1951-ல் அடுக்கி வைத்த ஜப்பானியத் தாள்களில் மை ஊற்றினார். அடித்தாளுக்கு ஊறி இறங்கிய கறையை எடுத்து, அதன்மேல் மறுபடி வேலை செய்தார். தற்செயலும் தேர்வும் ஒரே கையில் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

இதெல்லாம் ஜப்பானிய எழுத்துக்கலையின் நகல் என்பது இன்னொரு வாதம். 1951-ல் கியோட்டோவில் எழுத்துக்கலைஞர் மோரிட்டா ஷிர்யூ தொடங்கிய 'பொகுபி' எழுத்துக்கலை இதழின் முதல் அட்டையிலேயே கிளைனின் ஓவியம் வந்தது என்பதால் உறவை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கலையில் வெள்ளை என்பது தொடாமல் விட்ட தாள். கிளைனோ வெள்ளையையும் பெயிண்டாகவே பூசினார். கறுப்பின் மேல் ஏறி, அதன் ஓரத்தை அரிந்து, மீண்டும் கறுப்பு வந்து அதை நெருக்கும்வரை. அவர் ஓவியத்தை எங்கே பார்க்க வாய்த்தாலும் கறுப்பை விட்டுவிட்டு, முதலில் வெள்ளையின் விளிம்பைப் பாருங்கள்.