இரவல் தலைப்பில் வந்த பணம்: அமெரிக்க மண் காப்பு நிதியின் வரலாறு

மண் காப்புக்கு அரசைப் பணம் ஒதுக்க வைப்பது எப்படி என்ற பேச்சு எழுந்தால் 1935ஆம் ஆண்டின் வாஷிங்டன் கதை ஒன்று தவறாமல் வந்துவிடும். வேளாண் துறையின் மண்ணியலாளராக நெடுங்காலம் இருந்த ஹியூ ஹாமண்ட் பென்னட் செனட் குழுவின் முன் பேசுகிறார். நாட்டின் நடுச் சமவெளிகளில் எழுந்த புயலின் புழுதி தலைநகரை எட்டும்வரை பேச்சை இழுக்கிறார். சன்னல் இருண்டதும் உறுப்பினர்கள் மனம் இளகுகிறது. ஏப்ரல் 27இல் மண் காப்புச் சட்டம் நிறைவேறுகிறது. சொல்லச் சொல்ல மெருகேறிய கதை. அப்படியே நம்பினாலும், புழுதிக்கு முன்பே பென்னட் கையில் இருந்த பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிஞ்சுகிறது.

மண்ணரிப்பு ஒரு தேசியக் கேடு என்று அவரும் சாப்லின் என்ற அலுவலரும் எழுதிய சுற்றறிக்கையை வேளாண் துறை 1928இல் வெளியிட்டது. மறு ஆண்டு ஆய்வு நிலையங்களுக்கென 1,60,000 டாலர் கிடைத்தது. 1933இல் 50 லட்சம் டாலர்! இடையில் மண்ணைப் பற்றிய அறிவு முப்பது மடங்கு பெருகிவிடவில்லை, பெருகியது வேலையின்மை. பொதுப்பணி நிவாரண நிதியிலிருந்துதான் தற்காலிக மண்ணரிப்புப் பணியகம் பிறந்தது. அதன் முதல் செயல்விளக்கக் களம் விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் கிரீக். அங்கே உழவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்: சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் உழுவது, தானியத்தையும் புல்லையும் பட்டை பட்டையாக மாற்றிப் போடுவது, செங்குத்தான மரச்சரிவில் மாடு ஏறாமல் வேலியடைப்பது. பதிலுக்கு விதை, சுண்ணாம்பு, உரம், உடலுழைப்பு. உழைத்தவர்கள் அரசின் முகாம்களில் சேர்ந்திருந்த வேலையற்ற இளைஞர்கள். மண்ணுக்குப் போன காசு, கணக்கில் நிவாரணச் செலவு.

அடுத்த இரவல் இன்னும் வெளிப்படையானது. மிகுவிளைச்சலைக் குறைக்க உழவருக்குத் தொகை கொடுத்த 1933ஆம் ஆண்டுச் சட்ட ஏற்பாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1936 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இரண்டு மாதம் முடியுமுன் காங்கிரஸ் புதுச் சட்டம் கொண்டுவந்தது: மண்ணைத் தேய்க்கும் பயிரைக் குறைத்து மண்ணைக் காக்கும் பயிருக்கு மாறினால் தொகை உண்டு. தேய்க்கும் பயிர்கள் எவை? பருத்தி, கோதுமை, மக்காச்சோளம், புகையிலை. சந்தையில் தேங்கி விலையைச் சரித்தவையும் இவைதாம். விலை ஆதரவு மண்ணின் பெயரைச் சூடிக்கொண்டது என்று ஏளனம் செய்யலாம். ஆனாலும் பயறுவகையும் புல்லும் வயலுக்கு வந்தது உண்மை.

இரவலுக்கு ஒரு தவணை உண்டு. அதைத்தான் இந்த வரலாற்றைப் புகழ்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். 1970களில் ஏற்றுமதிச் சந்தை சூடுபிடித்ததும் வேலி முதல் வேலி வரை விதைக்கச் சொன்னார் வேளாண் செயலர் ஏர்ல் பட்ஸ். முப்பதுகளில் நட்ட காற்றுத்தடுப்பு மரவரிசைகள் பல இடங்களில் சாய்ந்தன. 1985இல் வந்த நிலக்காப்பு ஒதுக்கீட்டுத் திட்டமும் இதே வகைதான். தானியம் தேங்கிய காலத்தில், பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கி வைப்பவருக்கு அரசு ஆண்டு வாடகை கொடுத்தது. 2007இல் 3.68 கோடி ஏக்கர் அதில் இருந்தது. எத்தனால் தேவையால் மக்காச்சோள விலை ஏறியதும், ஒப்பந்தம் முடிந்த நிலம் உழவுக்குத் திரும்பத் தொடங்கியது.

ஆனால் 1937இல் மாநில ஆளுநர்களுக்கு அதிபர் ரூஸ்வெல்ட் அனுப்பிய மாதிரிச் சட்டத்தால் உருவான உள்ளூர் மண் காப்பு மாவட்டங்கள் நிலைத்தன. உழவர்களே அவற்றின் குழுக்களில் அமர்ந்தார்கள். என் கணிப்பில் அவற்றைவிட வலுவான கருவி 1985ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளேயே அதிகம் பேசப்படாமல் கிடக்கிறது. எளிதில் அரிக்கப்படும் நிலத்தில் பயிர் செய்பவர் அங்கீகரிக்கப்பட்ட காப்புத் திட்டத்தைப் பின்பற்றாவிட்டால் வேளாண் மானியங்களை இழப்பார் என்ற நிபந்தனை அது. இதற்குப் புது நிதி கேட்க வேண்டியதில்லை; வேறு காரணத்துக்காக எப்படியும் போகும் பணத்தின்மேல் மண்ணுக்கான ஷரத்து ஏறுகிறது. 1982க்கும் 2007க்கும் இடையில் சாகுபடி நிலத்தின் மண்ணரிப்பு 43 விழுக்காடு குறைந்தது. உழாமல் விதைக்கும் முறைக்கும் இதில் பங்கு உண்டு, முழுப் புகழையும் நிபந்தனைக்குத் தர முடியாது.

நிபந்தனையும் தன் மானியத்தின் அளவுக்கே கடிக்கும். 1996இல் பயிர்க் காப்பீட்டு மானியத்தை அதிலிருந்து கழற்றிவிட்டார்கள். நேரடித் தொகைகள் சுருங்கிக் காப்பீடே பெரிய உதவியாக வளர்ந்தபோது பிடி தளர்ந்தது. 2014ஆம் ஆண்டு வேளாண் சட்டம் வாடகைத் திட்டத்தின் உச்சவரம்பைப் படிப்படியாக 2.4 கோடி ஏக்கருக்கு இறக்கியது. காப்பீட்டு மானியத்தை மீண்டும் நிபந்தனையோடு பிணைத்ததும் அதே சட்டம்தான். உழவர் சங்கங்களும் காப்பீட்டுத் தரப்பும் சூழல் அமைப்புகளும் அதற்கு முன்பே ஒன்றாக உட்கார்ந்து பேரம் முடித்திருந்தன.