நாடு கடத்தப்பட்ட பாட்டு

1492-ல் ஸ்பெயின் அரசர்கள் யூதர்களுக்கு இரண்டே வழி வைத்தார்கள்: மதம் மாறு, இல்லாவிட்டால் வெளியேறு. வெளியேறிய பலருக்கு ஓட்டோமான் சுல்தான் இரண்டாம் பாயஸித் இடம் கொடுத்தார். ஊர் போனாலும் வீட்டில் பழைய ஸ்பானிஷ் பேச்சு போகவில்லை. அதில் துருக்கி, ஹீப்ரு, கிரேக்கச் சொற்கள் கலந்தன. அதுதான் லடினோ. தாலாட்டும் கல்யாணப் பாட்டும் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தன.

பிறகு 1943. கிரேக்கத்தின் சலோனிக்கா நகரிலிருந்து நாஜிகள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். பாடியவர்களோடு பாட்டும் போனது.

மிஞ்சியதைத் தேடி எழுதி வைத்தவர் இஸ்ரேல் வானொலியில் வேலை பார்த்த யிட்ஸ்ஹாக் லெவி. அவர் இறந்தபோது மகள் யாஸ்மினுக்கு ஒரு வயதுதான். அப்பா சேர்த்த பாட்டுகளை உலகமெங்கும் பாடியவர் அந்த மகள்.

இதில் பாலஸ்தீனர்கள் எங்கே வருகிறார்கள்? ஜோர்டி சவால் 2008-ல் வெளியிட்ட 'ஜெருசலேம்' தொகுப்பில் யூதக் கலைஞர்களும் அல்-தர்வீஷ் என்ற பாலஸ்தீனக் குழுவும் சேர்ந்து வாசித்தார்கள். அதில் லடினோ பாட்டும் உண்டு, அரபுப் பாட்டும் உண்டு. இது ஒட்டுப்போட்ட வேலை இல்லை. நானூறு வருடம் ஓட்டோமான் மண்ணில் வளர்ந்த லடினோ மெட்டுகளுக்கு அரபு மக்காம்கள் பக்கத்து வீட்டுச் சொந்தம். ஊத் வாசிப்பவருக்கு அவை அந்நியமாகப் படாது.

ஒரு இசைத்தட்டு போரை நிறுத்தாது. இதன் பிறகும் எத்தனை குண்டுகள் விழுந்துவிட்டன! ஆனால் வீட்டை இழந்தவனின் பாட்டு, வீட்டை இழந்த இன்னொருவனுக்குப் புரியும். அது புரிவதைத் தடுக்க எந்த எல்லைச் சுவராலும் முடியவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?