ஒரு போலீஸ் காரும் ஒரு ரோல்பேக்கும்

பொட்டி தட்டுறவனுக்கு போலீஸ் கார்ல என்னய்யா வேலைன்னு கேக்காதீங்க மக்களே. கார் என்னோடது இல்லை. நான் ஓஹாயோவுல ஆன்சைட்ல இருந்தப்போ எங்க டீம் பெருசு ஒருத்தர், ரிட்டையர் ஆன போலீஸ் கார் ஒண்ணை ஏலத்துல எடுத்தார். 2001 மாடல் ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. அதை டூட்டியில இருந்த கோலத்துக்கே திரும்பக் கொண்டு வரணும்னு அவருக்கு ஆசை. சனிக்கிழமையானா ஸ்பேனர் எடுத்துக் குடுக்குற எடுபிடி வேலை எனக்கு. அப்படியே கொஞ்சம் வரலாறும் கத்துக்கிட்டேன்.

ஹாலிவுட் படங்கள்ல சைரன் போட்டுத் துரத்துமே ஒரு நீளமான கார், அதேதான் இது. அது எப்படி அமெரிக்கா பூரா போலீஸ் கையில வந்துச்சு? போட்டிக்கு இருந்தது ஜெனரல் மோட்டார்ஸோட செவர்லே கேப்ரிஸ். 1996-ல் அதை நிறுத்திட்டு, அது தயாரான டெக்சாஸ் ஆலையை லாபம் கொழிக்கிற பெரிய வண்டிகளுக்கு மாத்திட்டாங்க. லாரி மாதிரி தனிச் சட்டம், 8 சிலிண்டர் எஞ்சின், பின்சக்கர ஓட்டம் எல்லாம் சேர்ந்த பெரிய போலீஸ் கார்னு மிஞ்சினது கிரவுன் விக் மட்டும்தான். அடிபட்டாலும் சரி பண்ணிக்கலாம், மணிக்கணக்கா எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி வைக்கலாம். போலீஸுக்கு வேற என்ன வேணும்?

இதுல ஒரு வேடிக்கை. அமெரிக்க போலீஸோட அடையாளமான இந்தக் கார் தயாரானது கனடாவுல, ஒன்டாரியோ மாகாணத்து செயின்ட் தாமஸ் ஆலையில. வண்டியோட அடையாள எண் 2-ல் ஆரம்பிச்சா கனடா. அதே எண்ல 5, 6, 7-வது இடத்துல 'பி71'னு இருந்தா போலீஸுக்குன்னே செஞ்சது. பெருசு ஏலத்துல முதல்ல பார்த்ததே அதைத்தான்.

போலீஸ் ஒரு காரை விக்கும்போது சைரன் லைட், ரேடியோ, ஸ்டிக்கர் எல்லாத்தையும் கழட்டிட்டுத்தான் விக்கும். ஆனா கார் மறக்காது. கூரையில லைட் இருந்த ஓட்டைகளை ரப்பர் மூடி போட்டு அடைச்சிருந்தாங்க. கதவுல வெயில் படாம ஸ்டிக்கருக்கு அடியில இருந்த பெயின்ட் மட்டும் கொஞ்சம் பளிச்சுனு இருந்துச்சு. சாய்ச்சுப் பார்த்தா ஊர் பேரையே படிக்கலாம்! அந்த நிழல் எழுத்து மேல டிரேசிங் பேப்பர் வெச்சு அளவெடுத்தோம். கல்வெட்டு படி எடுக்குறவங்க ஞாபகம் வந்துச்சு எனக்கு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, காருக்கு அடியில படுக்குற வரைக்கும்.

இந்தக் காரோட பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னாடி இருக்கு. சாலையோரம் நிறுத்தியிருக்கும்போது வேகமா வர்ற வண்டி பின்னால மோதினா டேங்க் கிழிஞ்சு தீப்பிடிக்கும். அப்படிப் பல போலீஸ்காரங்க எரிஞ்சு செத்தாங்க. அரிசோனாவுல நடந்த சாவுகள் பெரிய பிரச்சினையாகி, 2002-ல் ஃபோர்டு போலீஸ் கார்களுக்கு பிளாஸ்டிக் கவசம் குடுத்துச்சு. மோதும்போது டேங்கைக் குத்துற பாகங்களை மறைக்கிறதுக்கு. 2005 மாடல்ல தீயணைப்புக் கருவியும் கேட்டு வாங்கிக்கலாம்னு வந்துச்சு.

நாங்க பார்த்த காருக்கு அடியில அந்தக் கவசம் இருந்துச்சு. அழுக்குப் பிடிச்சு, அசிங்கமா.

நான்தான் வாய வெச்சேன். "2001-ல் ஆலையை விட்டு வெளிய வந்தப்போ இது இல்லையே. அசல் கோலம்னா கழட்டணும்ல? ரோல்பேக் பண்ணா முழுசா பண்ணணும்."

பெருசு ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா சொன்னார், அவரோட அண்ணன் இதே மாதிரி ஒரு காரைத்தான் 15 வருஷம் ஓட்டினாராம். கவசம் மாட்டுற வரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் அண்ணி போன் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாங்களாம். "ஷோரூம்ல நின்ன காரை நான் திருப்பிக் கொண்டு வரலை. ஓடின காரைக் கொண்டு வர்றேன்."

எனக்கு சுருக்குனுச்சு. புரொடக்‌ஷன்ல ஒருத்தன் அடிபட்டதாலதான் பேட்ச் வருது. அந்தப் பேட்ச்சை எடுத்துட்டு இதுதான் அசல் வெர்ஷன்னு சொன்னா, அடிபட்டவனையும் சேர்த்து அழிக்கிறோம்.

கடைசியில 2003-ஆம் வருஷக் கோலம்னு முடிவு பண்ணோம். சுழல் விளக்கு, பழைய எழுத்து, அடியில கவசம். ரோட்டுல போகும்போது லைட்டை உறை போட்டு மூடிடுவார், யாரும் நிஜ போலீஸ்னு ஏமாறக் கூடாதுல்ல.

கடைசி கிரவுன் விக் 2011 செப்டம்பர் 15-ல் ஆலையை விட்டு வந்துச்சு. பெருசோட கார் இன்னும் ஓடுது. அதைப் பார்க்க வர்றவங்க எல்லாம் சைரன் லைட்டைத்தான் போட்டோ எடுப்பாங்க. அவர் மட்டும் குனிஞ்சு அடியில டார்ச் அடிச்சுக் காட்டுவார்.

நீங்களா இருந்தா கழட்டியிருப்பீங்களா? சொல்லிட்டுப் போங்க.