போதை போதாத மது

இத்தாலியப் பாஸ்தா ஸ்வீடனில் விற்கிறது, பிரெஞ்சுப் பாலாடைக்கட்டி பெர்லினில் கிடைக்கிறது. ஐரோப்பாவில் சரக்கு எல்லை தாண்டுவது நமக்குப் பழகிய செய்திதான். அந்த வழியைத் திறந்துவிட்டதில் போதை குறைந்த ஒரு பழ மதுவுக்குப் பெரும்பங்கு உண்டு.

1841இல் பிரான்சின் திஜோன் நகரில் லகூட் என்பவர் பிளாக்கரன்ட் பழத்தை மதுவில் ஊறவைத்து, இனிப்புச் சேர்த்து விற்கத் தொடங்கினார். அதுதான் கசிஸ். நூறாண்டு கழித்து அவ்வூர் மேயராக வந்த ஃபெலிக்ஸ் கிர் ஒரு பாதிரியார். வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் வெள்ளை ஒயினில் கசிஸைக் கலந்து கொடுத்தார். கலவைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஐரோப்பியப் பொதுச் சந்தையை அமைத்த 1957இன் ரோம் ஒப்பந்தம், உறுப்பு நாடுகளுக்கிடையே இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடும் 'அதற்கு நிகரான' நடவடிக்கைகளும் கூடாது என்றது. எது நிகர் என்று சொல்லவில்லை. வக்கீல்களுக்கு இதைவிட என்ன வேண்டும்!

எது வணிகத் தடை என்ற இந்த வம்பு நம்மூருக்கும் வந்ததுண்டு. ஆஸ்திரேலிய அரசமைப்பின் 92ஆம் பிரிவைப் பார்த்து நாம் எழுதிக்கொண்ட 301ஆம் உறுப்பு, நாட்டுக்குள் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. சென்னை மாநிலமோ உள்ளூரில் பதனிட்ட தோலுக்குப் பச்சைத்தோலின் கொள்முதல் விலை மீதும், வெளியிலிருந்து பதனிட்டு வந்த தோலுக்கு அதன் விற்பனை விலை மீதும் வரி போட்டது. வெளித்தோலுக்குச் சுமை கூடியது. 1962இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பாகுபாடு செல்லாது என்றது.

ஐரோப்பாவில் முதல் திருப்பம் விஸ்கியால் வந்தது. டாசன்வில் என்ற வியாபாரிகள் பிரான்சில் புழங்கிய ஸ்காட்ச்சை வாங்கிப் பெல்ஜியத்தில் விற்க, பிரிட்டிஷ் சுங்கத்தின் பிறப்பிடச் சான்றிதழ் எங்கே என்று அவர்கள்மீது அந்நாட்டு அரசுத் தரப்பு வழக்குப் போட்டது. பிரிட்டனிலிருந்து நேரே தருவிப்பவருக்கு அது எளிது, இவர்களுக்கோ குதிரைக்கொம்பு. வணிகத்தை நேராகவோ மறைமுகமாகவோ மறிக்கக்கூடிய எந்த விதியும் தடைதான் என்று 1974இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது.

பிறகு கசிஸின் முறை. ரேவே என்ற ஜெர்மன் நிறுவனம் 1976இல் அதை இறக்குமதி செய்யக் கிளம்பியது. கசிஸில் ஆல்கஹால் 15 முதல் 20 சதவீதம். ஜெர்மன் சட்டப்படி இத்தகைய பழ மதுவுக்கு 25 சதவீதமாவது வேண்டும். காரணம் கேட்டால் மக்கள் நலமாம்! மென்மையான மது குடிப்பழக்கத்தை எளிதில் வளர்த்துவிடும் என்று ஓர் அரசாங்கம் நெஞ்சை நிமிர்த்தி வாதாடியது. சந்தையில் மென்மையான மது ஏற்கெனவே ஏராளம், கடுமையானதையும் பலர் நீர் கலந்துதானே குடிக்கிறார்கள் என்றார்கள் அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள். வாங்குபவர் ஏமாறக் கூடாதென்றால் சதவீதத்தை லேபிளில் அச்சிட்டால் போதும். ஒரு நாட்டில் முறைப்படி விற்கும் பொருளை, தக்க பொதுநலக் காரணமின்றி இன்னொரு நாடு தடுக்க முடியாது என்று 1979 பிப்ரவரி 20 அன்று முடிவானது. 'தக்க காரணம்' என்ற வாசலைத் திறந்து வைத்ததுதான் இத்தீர்ப்பின் சாமர்த்தியம் என்பேன். அரசாங்கங்களும் முழுக்கத் தோற்கவில்லை.

அடுத்தடுத்து விதிகள் சரிந்தன. மார்கரின் கனசதுர வடிவில்தான் விற்க வேண்டும் என்ற பெல்ஜிய விதி 1982இல் போனது. 1516இன் பவேரியச் சட்டத்தில் வேர்விட்ட தூய்மை விதியைக் காட்டி வெளிநாட்டு பீரை ஜெர்மனி தடுப்பதும் 1987இல் முடிந்தது. வியாபாரிகளுக்குத் துணிச்சல் மிஞ்சிப்போய், ஞாயிறு கடையடைப்பைக்கூட இறக்குமதித் தடை என்று வாதாடினார்கள். நீதிமன்றமே அலுத்துப்போய், பிரான்சில் நஷ்டத்துக்கு விற்றதாக வழக்கில் சிக்கிய இருவரின் கெக் வழக்கில், 1993இல் பின்வாங்கியது. எப்படி விற்பது என்ற விதி எல்லார் சரக்கையும் ஒரேமாதிரி பாதித்தால் அதில் தலையிட மாட்டோம் என்றது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்து 2010இல் கசிஸ் தீர்ப்பின் கொள்கையைத் தானே எடுத்துக்கொண்டது, உணவுப் பொருளுக்கு மட்டும் முன்னனுமதி கேட்டு. ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிரிட்டனும் 2020இன் உள்நாட்டுச் சந்தைச் சட்டத்தில் அதே கொள்கையை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் இடையே நட்டது. காலிப் புட்டிகளுக்கு வைப்புத்தொகை வாங்கும் திட்டத்துக்கு அச்சட்டத்திலிருந்து ஸ்காட்லாந்து விலக்குக் கேட்டபோது, கண்ணாடிப் புட்டி நீங்கலாக என்று லண்டன் நிபந்தனை போட்டது. 2023இல் ஸ்காட்லாந்து திட்டத்தையே தள்ளிவைத்தது.