ஏலமலை அடிவாரத்துக் கல்விக்கூடங்கள்: வரலாறு எழுதுவோர் கவனத்திற்கு

ஓர் ஊரில் கல்விக்கூடம் எழுந்த வரலாற்றை எழுதுவதைவிட எளிய பணி வேறில்லை என்றே பலரும் எண்ணுவர். கட்டடம் கண்முன் நிற்கிறது. அங்குப் பயின்றவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கின்றனர். ஆண்டு மலர்கள் அலமாரியில் அடுக்கப்பட்டுள்ளன. எனினும், கலைக்களஞ்சியத்தில் இடம்பெற வேண்டிய பத்து வரிக் குறிப்பொன்றை எழுத அமரும்போதுதான், நாம் அறிந்தவை என்று நம்பியிருந்தவற்றுள் எத்தனை வெறும் செவிவழிச் செய்திகள் என்பது விளங்குகிறது.

தமிழில் கலைக்களஞ்சியப் பணி சிறிதன்று. பெ. தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. நம் சமுதாயத்தின் பொருட்டு, தொண்டியில் பிறந்த மர்ஹூம் எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைப் பல தொகுதிகளாகத் தொகுத்தளித்தார். இத்தகைய பெருநூல்களின் நம்பகம் அவற்றின் சிறு குறிப்புகளில்தான் இருக்கிறது. ஒரு குறிப்பில் ஆண்டு பிழையாகிவிட்டால், அதைப் பார்த்து எழுதும் நூறு பேரும் அப்பிழையையே எழுதுவர்.

செய்தியை ஆராய்ந்து ஏற்கும் நெறி நமக்குப் புதிதன்று. ஒருவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரித்துத் தெளிய வேண்டும் என்பதை ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்பித்துள்ளது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் செய்தியை ‘மத்ன்’ என்றும், அதனைக் கொண்டுவந்தோர் வரிசையை ‘இஸ்னாத்’ என்றும் பிரித்தனர். ஒருவரிடமிருந்து கேட்டதாக மற்றொருவர் கூறினால், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனரா, சந்தித்திருக்க இயலுமா என்று பிறப்பு இறப்பு ஆண்டுகளை வைத்து ஆராய்ந்தனர். இமாம் புகாரீ (ரஹ்), இமாம் முஸ்லிம் (ரஹ்) ஆகியோரின் தொகுப்புகள் இத்தகைய ஆய்வின் கனிகளே. நபிமொழிக்குரிய கண்டிப்பு முழுவதையும் பள்ளிக்கூட வரலாற்றின்மேல் சுமத்த வேண்டியதில்லை; ஆயினும், அந்நெறியின் ஒளி இங்கும் வழிகாட்டும்.

போடிநாயக்கனூரையும் அதன் மேற்கே உயர்ந்து நிற்கும் ஏலமலைச் சரிவுகளையும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் பெயர். போடியில் ஜ.கா.நி. மேல்நிலைப்பள்ளி என்று ஒரு பள்ளி உண்டு. அம்மூன்று எழுத்துகளுக்குள் மறைந்திருப்பவர் ஜமீன்தாரிணி காமுலம்மாள். குறிப்பு எழுதுவோர் எழுத்துச் சுருக்கத்தோடு நின்றுவிட்டால் ஒரு பெண்மணியின் பெயரே வரலாற்றிலிருந்து மறைந்துபோகும். பெயரில் ‘நினைவு’ என்னும் சொல் இருக்கிறதல்லவா? அத்தகைய பள்ளிகளில், பெயர் சூட்டிய ஆண்டும் பள்ளி தொடங்கிய ஆண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டையும் தனித்தனியே தேட வேண்டும். ‘மேல்நிலைப்பள்ளி’ என்ற சொல்லும் அவ்வாறே. தமிழகத்தில் அது 1978இல் பன்னிரண்டாம் வகுப்பு முறை வந்தபின் வழங்கும் பெயர். 1950இல் ஒருவர் மேல்நிலைப்பள்ளியில் படித்தார் என்றெழுதினால் அது காலப் பிழை. அன்று இருந்தது உயர்நிலைப்பள்ளி.

அடுத்து ஆண்டு. நம் முன்னோரின் ஆவணங்களில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். அடிக்கல்லில் தமிழாண்டின் பெயர் இருக்கலாம். மலைமேல் பழைய திருவிதாங்கூர் எல்லைக்குள் எழுதப்பட்ட பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வழங்கும். 1956ஆம் ஆண்டையே பாருங்கள். அவ்வாண்டு ஜூலை மாதம் ஹிஜ்ரி 1375, கொல்லம் 1131. ஆகஸ்டு முடிவதற்குள் அவை 1376 என்றும் 1132 என்றும் மாறிவிட்டன. தமிழாண்டோ இரு மாதங்களிலும் துன்முகிதான். இதை அறியாதவர், ஒரே பள்ளியாண்டில் எழுதப்பட்ட இரு தாள்களைக் கண்டு, பள்ளி இருமுறை தொடங்கப்பட்டதென மயங்கக்கூடும். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்களே. ஆகவே ஒரு நிலையான எண்ணைக் கூட்டிக் கிறித்தவ ஆண்டாக்கும் வழக்கம் பிழைக்கே இடமளிக்கும். தமிழாண்டுப் பெயர்களும் அறுபதாண்டுக்கு ஒருமுறை சுழல்வன. 1896, 1956, 2016 மூன்றும் துன்முகியே. கல்லில் துன்முகி என்று மட்டும் இருந்தால், பள்ளியின் வயதை அறுபதாண்டு கூட்டியோ குறைத்தோ எழுதிவிடலாம்! பெருமை நாடும் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது இடம். போடியிலிருந்து கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறினால், அப்பால் கேரளம். தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் மலைமேல் வாழ, அவர்களின் உறவும் கடைத்தெருவும் கீழே போடியில் இருந்தன. அம்மலைப்பகுதி 1949 வரை திருவிதாங்கூர், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளம். தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. 1972 ஜனவரி 26இல் இடுக்கி மாவட்டம் அமையும்வரை அப்பகுதிகள் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தன. கீழே போடியும் 1996இல் தேனி மாவட்டம் பிரிக்கப்படும்வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே ஒரு பள்ளியின் பழைய தாள்கள் இன்று எந்த அலுவலகத்தில் இருக்கக்கூடும் என்பதை அறியவே எல்லைகளின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது வாய்மொழி. முதியோர் கூற்றை அலட்சியம் செய்யலாகாது. அப்படியே ஏற்கவும் கூடாது. மதுரை-போடி இருப்புப்பாதை 1928இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950களில்தான் மீண்டும் வண்டி ஓடியது. பின்னர் அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்று, 2023 ஜூனில் மறுபடியும் போடியை அடைந்தது. ‘1945இல் தலைமையாசிரியர் போடி நிலையத்தில் ரயிலில் வந்திறங்கினார்’ என்று ஒருவர் சொன்னால், ஆண்டில் பிழை இருக்க வேண்டும், அல்லது ரயிலில் பிழை இருக்க வேண்டும். சொன்னவர் பொய்யர் ஆகிவிடமாட்டார்; நினைவு தடுமாறியிருக்கிறது, அவ்வளவே. அவர் பெயரையும் அவர் சொன்ன நாளையும் குறித்து வைத்து, வேறு சான்றோடு ஒப்பிடுவதே நம் கடன்.

எண்ணிக்கையிலும் எச்சரிக்கை வேண்டும். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், மூஸா (அலை) அவர்களின் படை ஆறு இலட்சம் என்ற பழங்கணக்கை எடுத்துக்கொண்டு, அத்துணைப் பேர் அந்நிலப்பரப்பில் அணிவகுக்க இயலுமா என்று வினவினார். தொடங்கிய நாளிலேயே ஐந்நூறு மாணவர் சேர்ந்தனர் என்று மலர் கூறினால், அன்று எத்தனை அறைகள் இருந்தன என்று நாமும் வினவலாம்.

இவை யாவற்றினும் கடினமானது ‘நிறுவியவர் யார்’ என்ற கேள்வி. நிலம் கொடுத்தவர் ஒருவர். பொருள் திரட்டியவர் வேறொருவர். அரசின் ஏற்பிசைவுக்கு அலைந்தவர் மற்றொருவர். முதல் ஆசிரியராக வந்து பிள்ளைகளைச் சேர்த்தவர் இன்னொருவர். போடியில் 1971இல் தோன்றிய ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி, தன் பெயரிலேயே ஒரு சங்கத்தைத் தாங்கி நிற்கிறது. கூட்டு முயற்சி அங்கே வெளிப்படை. ஏனைய இடங்களிலோ நால்வரின் உழைப்பு நாளடைவில் ஒருவரின் பெயரில் சேர்ந்துவிடுவதுண்டு. பேரப்பிள்ளைகள் மனம் நோகும் என்று நாமும் வாளாவிருந்துவிடுகிறோம். கல்விக்கு ஈந்த பொருள் ஸதக்கத்துல் ஜாரியா. ஒருவரின் ஸதக்காவை இன்னொருவர் பெயரில் எழுதுவதால் இறைவனிடத்தில் அவருடைய கூலி குறைந்துவிடாது. குறைவது நம் நேர்மையே.

எந்தத் தாளிலும் இடம்பெறாதவர்களும் உண்டு. வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பித்த மூதாட்டியர், சொற்ப ஊதியத்தில் மக்தபு நடத்திய உஸ்தாதுமார்கள், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லித்தந்த ஓராசிரியர் பள்ளி ஆசிரியர்கள் ஆகியோர் இவர்கள். தொழிலாளர் பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேற்பட்டால் தோட்ட உரிமையாளர் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யுமாறு விதிக்க, 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. கற்பித்தவர் பெயரை நாம்தான் தேடி எழுத வேண்டும். அவர்களை அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிறைவாக, சான்றுக்கு உட்பட்ட குறிப்பு எவ்வளவு அடக்கமாக இருக்கும் என்பதற்கு, போடிக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள நம் சமுதாயக் கல்லூரி ஒன்றையே காட்டாகத் தருகிறோம்:

‘ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, உத்தமபாளையம். 1956இல் ஹாஜி கருத்த ராவுத்தர் நிறுவியது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதனைச் சார்ந்தது. அப்பல்கலைக்கழகம் 1978 முதல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்றது. ஊர் அன்று மதுரை மாவட்டம். இன்று தேனி மாவட்டம். கல்லூரிப் பெயர் ராவுத்தர், இராவுத்தர் என்றும், ஹௌதியா, ஹவுதியா என்றும் பலவாறு எழுதப்படுகிறது.’

புகழுரை ஒன்றும் இதில் இல்லை. மாநிலங்கள் மொழிவழிப் பிரிந்த அதே ஆண்டில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் கல்லூரி எழுந்தது என்ற செய்திக்கு மேல் புகழுரை எதற்கு? தம் ஊர்ப் பள்ளிக்கும் இவ்வாறு ஒரு குறிப்பெழுத வாசக அன்பர்கள் முன்வர வேண்டும். எழுதுவது சில வரிகளே ஆயினும் அவை உண்மையாக இருக்க வல்ல இறைவன் துணைபுரிவானாக!